தம்பிமார் கதையின் உட்பொருள்: நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டில் ஒரு வாரிசு வழக்கு

இன்றைய தோவாளை, அகஸ்தீசுவரம் வட்டங்களை உள்ளடக்கிய நெல்வயல் நிலமான நாஞ்சில் நாடு, வேணாட்டுக்கும் பின்னர் திருவிதாங்கூருக்கும் உட்பட்டிருந்து, 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தின் பகுதியாகத் தமிழகத்தோடு சேர்ந்தது. இந்நாட்டின் பழமையை அறிய மூன்று வகைச் சான்றுகள் துணைசெய்கின்றன. சுசீந்திரம் முதலிய கோயில்களின் கல்வெட்டுகள் ஒருவகை. அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தில் காக்கப்பட்டு, கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் முயற்சியால் ஆய்வுலகின் கவனத்துக்கு வந்த ஓலை ஆவணங்கள் இன்னொருவகை. வில்லுப்பாட்டாகப் பாடப்படும் கதைப்பாடல்கள் மூன்றாம் வகை. முதல் இரண்டும் வரியையும் நிலத்தையும் உரிமையையும் பற்றித் தெளிவாகப் பேசுபவை. ஆனால் கொலையுண்டவர்களுக்காக யார் அழுதார்கள், எந்த மரணத்தை ஊர் ஏற்க மறுத்தது என்பவற்றைச் சொல்லும் கடமை அவற்றுக்கு இல்லை. அக்கடமையைக் கதைப்பாடல் ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டபோதும், அரசனின் ஆட்சிக்குள் இருந்துகொண்டு அரசன் செய்த கொலையைப் பாடவேண்டியிருந்ததால், நேரே சொல்லவியலாத செய்திகளைக் கதையின் அமைப்புக்குள் பொதிந்துவைத்தது. அவ்வகைப் பாடல்களுள் தம்பிமார் கதை முதன்மையானது.

வில்லுப்பாட்டு கேளிக்கைக்காக மட்டும் தோன்றிய கலையன்று. சுடலைமாடன், இசக்கி, முத்தாரம்மன் முதலிய நாட்டார் தெய்வங்களின் கோயில்களில் நிகழும் கொடை எனப்படும் விழாவின் உறுப்பாகவே அது வளர்ந்தது. மணிகள் கட்டிய பெரிய வில்லின் நாணை வீசுகோலால் அடித்துக்கொண்டு புலவர் எனப்படும் தலைமைப் பாடகர் கதையைத் தொடங்க, எதிரே அமர்ந்தவர் அதை வாங்கிப் பாட, குடமும் உடுக்கும் தாளமும் உடன்செல்லும். காப்பு, குருவணக்கம், அவையடக்கம், நாட்டுவளம் என்று முறையாக நகரும் பாட்டு இறுதியில் வாழியோடு முடியும். தெய்வங்கள் தோன்றிய விதத்தைப் பாடும் கதைகள் ஒருபுறமிருக்க, வெட்டுண்டும் குத்துண்டும் அகால மரணமடைந்தவர்கள் தெய்வமான விதத்தைப் பாடும் கதைகள் மறுபுறம் உண்டு. பின்னவர்களை வாதைகள் என்று இப்பகுதி மக்கள் குறிப்பிடுவர். 1970களின் பிற்பகுதியில் நாகர்கோவில் வட்டாரத்தில் களப்பணி செய்து, 1988இல் வில்லுப்பாட்டைப் பற்றிய நூலை வெளியிட்ட ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், பிறப்புக் கதை, இறப்புக் கதை என்ற இப்பிரிவையே தம் ஆய்வின் அடிப்படையாகக் கொண்டார். கதையில் மரணம் நிகழும் கட்டமும் கோயிலில் கோமரத்தாடி, அதாவது சாமியாடுபவர், ஆவேசம் கொள்ளும் நேரமும் ஒன்றோடொன்று இணைகின்றன என்பது அவர் கவனித்த செய்தி. பாட்டின் பொருளைத் தேடுபவர் ஏட்டிலுள்ள சொற்களை மட்டும் பார்த்தால் போதாது என்பதற்கு இது ஒன்றே தகுந்த காரணம். அரசன் குற்றவாளி என்று எந்த அடியும் உரைக்காதிருந்தாலும், அவனால் கொல்லப்பட்டவன் ஊரின் நடுவே எழுந்து நின்று படையல் வாங்கும்போது தீர்ப்பு சொல்லப்பட்டுவிடுகிறது.

தம்பிமார் கதையின் வரலாற்றுப் பின்னணி பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது. வேணாட்டு அரசர் இராமவர்மா 1729இல் இறந்தபோது, அவருடைய சகோதரி முறையிலான பெண்ணின் மகனாகிய மார்த்தாண்டவர்மா அரசுரிமை பெற்றார். வேணாட்டு அரசமரபு மருமக்கள்வழியைப் பின்பற்றியது. அதாவது, ஒருவனுடைய சொத்தும் பட்டமும் அவன் மகனுக்குச் செல்லாமல் அவன் உடன்பிறந்தாளின் மகனுக்குச் செல்லும். அரசருக்குப் பிறந்த ஆண்மக்கள் தம்பி என்றும் பெண்மக்கள் தங்கச்சி என்றும் பட்டம் பெற்று, நிலமும் மரியாதையும் அடைவார்களேயன்றி அரியணைக்கு உரியவர்களாகமாட்டார்கள். இராமவர்மாவின் மக்களான பப்புத் தம்பியும் இராமன் தம்பியும் இந்நிலையை ஏற்காமல், தந்தையின் அரசு மக்களுக்கே என்று உரிமை கோரினர். எட்டுவீட்டுப் பிள்ளைமார் எனப்பட்ட நிலவுடைமைத் தலைவர்கள் அவர்களுக்குத் துணைநின்றனர். நாயக்க அரசிடமிருந்தும் படையுதவி நாடப்பட்டது. அழகப்ப முதலியார் தலைமையில் வந்த அப்படை, மார்த்தாண்டவர்மாவின் ஆட்களால் சமாதானம் செய்யப்பட்டுத் திரும்பியது. முடிவில் தம்பியர் இருவரும் நாகர்கோவிலில், அரசர் தங்கியிருந்த மாளிகையில் கொல்லப்பட்டனர். எட்டுவீட்டார் தூக்கிலிடப்பட்டு அவர்களுடைய குடும்பங்கள் சிதைக்கப்பட்டன. 1741இல் குளச்சலில் டச்சுக்காரரை வென்றதும், 1750இல் நாட்டை அனந்தபத்மநாபனுக்கு ஒப்படைத்த திருப்படிதானமும் இந்த இரத்தக்கறைக்குப் பின்னர் வந்த புகழ்கள்.

வென்றவர்களின் நினைவு பல இடங்களில் பாதுகாப்பாக இருக்கிறது. இளவரசராக இருந்த மார்த்தாண்டவர்மா பகைவரிடமிருந்து ஒளிந்து உயிர்தப்பியதாகச் சொல்லப்படும் அம்மச்சிப் பிலாவு, பட்டுப்போன பலா மரமாக, நெய்யாற்றின்கரைக் கோயில் வளாகத்தில் காட்டப்படுகிறது. பி. சங்குண்ணி மேனோன் 1878இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட திருவிதாங்கூர் வரலாறும், வி. நாகம் அய்யா 1906இல் தொகுத்த அரசுக் கையேடும் தம்பியரைச் சதிகாரராகவே சித்திரிக்கின்றன. சி.வி. இராமன் பிள்ளை 1891இல் மலையாளத்தில் எழுதிய மார்த்தாண்டவர்மா என்ற நாவல், மூத்த தம்பியை மலையாள வாசகர் மறக்கவியலாத தீயவனாக்கியது. தோற்றவர்களுக்கு நினைவுச் சின்னமாக வாய்த்தவை வில்லும் குடமும் ஏடுமே.

பாடலில் தம்பியர் வலிய தம்பி, குஞ்சுத் தம்பி என்ற பெயர்களைப் பெறுகின்றனர். அவர்களுடைய தாய் அபிராமி, சுசீந்திரத்தோடு மரபு தொடர்புபடுத்திச் சொல்லும் அயல்தேசத்துப் பெண். தங்கை உம்மிணித் தங்கை. கதையின் திருப்பம் அரியணைப் போட்டியில் தொடங்காமல் பெண்கேட்பதில் தொடங்குகிறது. அரசன் உம்மிணித் தங்கையை விரும்பி மணம் கேட்கிறான், அவள் வயிற்றில் பிறக்கும் மகனுக்கே நாடு என்று உறுதி தந்தால் மட்டுமே பெண்ணைத் தருவோம் என்று தமையன்மார் நிபந்தனை விதிக்கின்றனர், அரசன் இணங்கவில்லை, பகை மூள்கிறது, தம்பியர் மடிகின்றனர், தங்கையும் உயிர்துறக்கிறாள். அரசு வரலாறுகள் சதி என்று எழுதியதைப் பாட்டு சம்பந்தம் முறிந்த கதையாகச் சொல்கிறது. இவ்விரண்டில் எது உண்மை என்ற கேள்வி பெரும்பாலான வரலாற்றாய்வாளர்களை ஈர்த்திருக்கிறது. ஏ.பி. இப்ராஹிம் குஞ்ஞு போன்றோர் கதைப்பாடலையும் சான்றாகக் கொண்டு, மணவுறவு மறுக்கப்பட்டதும் பகைக்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று பார்த்தனர்.

எனினும் பாடலை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்வதில் ஓர் இடர் உண்டு. வலியவன் பெண்கேட்பதும் பெண்வீட்டார் மறுத்து அழிவதும் தமிழில் மிகப் பழைய கதையமைப்பு. குறுநிலத் தலைவனின் மகளை வேந்தன் கேட்க, தலைவன் கொடுக்க மறுத்துப் போருக்கு நிற்பதைப் பாடும் மகட்பாற்காஞ்சி என்ற துறையில் புறநானூற்றில் பல பாடல்கள் உள்ளன. தென்திருவிதாங்கூரில் நாடார்களிடையே வழங்கிய வெங்கலராசன் கதையிலும் இதே அமைப்பைக் காணலாம். அங்கே அரசன் கேட்ட பெண்ணைக் கொடுப்பதைவிட அவள் தலையைக் கொடுப்பதே மேல் என்ற அளவுக்கு மறுப்பு முற்றுகிறது. ஆகவே, பெண்கேட்ட நிகழ்ச்சியைப் பாட்டுக் கட்டியவன் நேரில் அறிந்து சொன்னான் என்பதற்கு உறுதியில்லை. கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த ஓர் அச்சில் அவன் தன் செய்தியை வார்த்திருக்கலாம். உட்பொருளைத் தேடுபவர் அந்த அச்சுக்கு அடங்காமல் எது மிஞ்சி நிற்கிறது என்பதையே பார்க்கவேண்டும். மகட்பாற்காஞ்சியில் தலைவன் பெண் தரமாட்டேன் என்பான், வெங்கலராசனும் அவ்வாறே. தம்பிமாரோ தருவோம் என்கிறார்கள். தருவதற்கு அவர்கள் கேட்கும் விலை பொன்னுமன்று, நிலமுமன்று, மகனுக்கு உரிமை. பெண்கேட்டு அழியும் கதைக்கு இப்படியொரு நிபந்தனை தேவையே இல்லை. தேவையில்லாத இடத்தில் வந்து நிற்பதனால் அதுவே கதையின் உயிர்நிலை என்று கொள்ள இடமுண்டு.

அந்நிபந்தனை நாஞ்சில் நாட்டுக் காதுகளில் எப்படி விழுந்திருக்கும் என்பதை உணர, அங்கிருந்த வேளாளர் குடும்பங்களின் அமைப்பை அறியவேண்டும். தமிழ் பேசும் குடியினரான நாஞ்சில் நாட்டு வேளாளர், மலையாள அரசின் நெடுங்கால ஆட்சியில் மருமக்கள்வழியை மேற்கொண்டனர். ஆனால் மருமக்கள்வழியினரான நாயர் குடும்பங்களுக்கும் இவர்களுக்கும் இடையே ஒரு கொடிய வேறுபாடு இருந்தது. நாயர் பெண் மணத்துக்குப் பின்னும் தன் தாய்வீடான தறவாட்டிலேயே வாழ்ந்தாள். அவள் பிள்ளைகளும் அங்கேயே வளர்ந்தனர். கணவன் இறந்தால் அவர்களுடைய உணவுக்கோ உறைவிடத்துக்கோ பெரிய இடையூறு நேராது. நாஞ்சில் நாட்டு வேளாளப் பெண்ணோ தமிழ் வழக்கப்படி கணவன் வீட்டுக்கு வந்து வாழ்ந்தாள். குடும்பத்தின் சொத்தை நிருவகித்த மூத்த ஆண்மகனைக் காரணவர் என்பர். அவர் கண்மூடியதும் வீடும் வயலும் மருமகன் கைக்குப் போக, மனைவியும் மக்களும், தாம் உழைத்துப் பெருக்கிய சொத்திலிருந்து வெளியேறவேண்டிய நிலை ஏற்பட்டது. மக்களுக்கு உகந்துடைமை என்ற பெயரில் ஒரு சிறுபங்கு வழக்கத்தில் உண்டென்றாலும், அதைப் பெறுவதே பல குடும்பங்களில் தீராத வழக்காக முடிந்தது. இரண்டு முறைகளிலும் இருந்த துன்பமான பாதிகள் ஒன்றுசேர்ந்த ஏற்பாடு என்றே இதைச் சொல்லவேண்டும்.

இத்தகைய வீடுகளிலிருந்து கொடைக்கு வந்தமர்ந்த தாயும் மகனும், அரசன் மகன் அரசனாகக் கூடாதா என்று வலிய தம்பி வாதிடும் கட்டத்தைக் கேட்டபோது, பத்மநாபபுரம் அரண்மனையை மட்டும் நினைத்திருக்கமாட்டார்கள். அதே கூட்டத்தில் அவர்களுக்கு எதிரே காரணவரும் அவருடைய மருமகனும் அமர்ந்திருப்பார்கள். வீட்டுக்குள் எழுப்பமுடியாத வழக்கைக் கோயில் முற்றத்தில், அரசகுடும்பத்தின் பெயரால், தெய்வத்தின் காவலோடு எழுப்புவதற்கு இப்பாடல் இடம் தந்தது. இப்பொருளைப் பாடகர் சொல்லவேண்டியதில்லை, சொன்னால் ஊர்ப்பகை. மரபுப்படி நாட்டுக்கும் மக்களுக்கும் வாழி பாடி முடிக்கும் ஒரு பாட்டில், காரணவர் உள்ளிட்ட யாரும் குறைகூற வழியில்லை.

இதே வழக்கை வெளிப்படையாக எழுப்பும் துணிவு எழுத்துக்கு வர மேலும் ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் ஆயின. தேரூரில் 1876இல் பிறந்த கவிமணி, நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம் என்ற அங்கத நூலை 1917-18இல் திருவனந்தபுரத்துத் தமிழன் இதழில் தொடராக எழுதினார். காரணவர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்ட ஐந்தாம் மனைவி தன் கதையைத் தானே சொல்வதாக அமைந்த அந்நூல், கோயில் புராணங்களுக்குரிய மான்மியம் என்ற வகையின் பெயரைச் சொத்துச் சண்டைக்குச் சூட்டியதிலேயே அதன் குறும்பு தெரிகிறது. சீர்திருத்தக் கிளர்ச்சிக்கு அது வலுவூட்டியது. 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் நிறைவேறி, மக்களின் உரிமை சட்டத்தில் இடம்பெற்றது. தம்பிமார் கேட்டது ஒருவகையில் அவ்வாண்டில்தான் கிடைத்தது என்று சொல்லத் தோன்றுகிறது. கிடைத்தவர்கள் வேளாளர்களேயன்றி அரசகுமாரர்கள் அல்லர் என்பதையும் உடன்சொல்லவேண்டும். திருவிதாங்கூர் அரியணை, கடைசி வரை மருமக்கள்வழியிலேயே சென்றது.

மறைபொருள் தேடும் முயற்சி எளிதில் வழிதவறக்கூடியது என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. ரிங் எ ரிங் ஓ ரோசஸ் என்ற ஆங்கிலச் சிறுவர் பாடல், 1665இல் இலண்டனை வாட்டிய கொள்ளைநோயைக் குறிக்கிறது என்று இன்றும் பலர் நம்புகின்றனர். அப்பாடல் இங்கிலாந்தில் அச்சேறியதே 1881இல்தான். கொள்ளைநோய் விளக்கமோ இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முன் பரவலாகக் காணப்படவில்லை. சிறுவர் பாடல்களைத் தொகுத்து ஆராய்ந்த ஓப்பி தம்பதியர் அவ்விளக்கத்தை ஏற்கவில்லை. சொல்லுக்குச் சொல் சங்கேதம் காணும் ஆசை இப்படித்தான் முடியும். தம்பிமார் கதையில் வாரிசு வழக்கைக் காண்பது இதனின்று வேறுபடுவதற்குக் காரணம், அங்கே பொருள் ஒளிந்துகிடக்கவில்லை, வெளிப்படையான நிபந்தனையாக நிற்கிறது என்பதே. மறைந்திருப்பது அது யாருடைய வழக்கு என்பது மட்டும்.

பாடலே தன் உட்பொருளை மறைக்க முற்படும் இடங்களும் உண்டு. அவை ஆய்வாளனுக்கு இன்னும் பயன்படுபவை. பாபநாசம் மலைப்பகுதியைச் சார்ந்த முத்துப்பட்டன் கதையில், பிராமண இளைஞன் சக்கிலியர் குலத்துப் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்து, மாமனாரின் மாடுகளைக் காக்கப் போரிட்டு மடிகிறான். அப்பெண்கள் பிறப்பால் பிராமணர், கைவிடப்பட்டுச் சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவர் என்ற ஒரு முன்கதை பிற்காலப் பதிப்புகளில் ஒட்டப்பட்டிருப்பதை ஆய்வாளர் நா. வானமாமலை எடுத்துக்காட்டினார். ஒட்டுப்போட்டவர்களுக்கு மூலக்கதை எங்கே உறுத்தியது என்பதை அந்த ஒட்டே காட்டிக்கொடுக்கிறது. 1634-35இல் கணியாகுளத்தில் திருமலை நாயக்கரின் படையோடு பொருது மாண்ட வேணாட்டுத் தளபதியைப் பாடும் இரவிக்குட்டிப் பிள்ளைப் போரிலும் இதுபோன்ற ஓர் இரட்டைத்தன்மை உண்டு. தாயும் மனைவியும் தீக்கனாக் கண்டு தடுத்தும் கேளாமல் களம்புகும் வீரனின் கதையாகவும், பகைவர் கொண்டுபோன தலையைக் காளி நாயர் மீட்டுவரும் கதையாகவும் அது வெளிப்பார்வைக்குத் தோன்றினாலும், பொறாமைகொண்ட தன் நாட்டு அமைச்சரும் தலைவரும் அவனைக் களத்தில் தனியே விட்டார்கள் என்ற குற்றச்சாட்டுத்தான் அதன் அச்சாணி. கனவும் சகுனமும் விதியும் மிகுதியாகப் பேசப்படுவது, பழியை ஊழின்மேல் போட்டுப் பாடகனைக் காப்பாற்றவும் உதவியிருக்கும்.

வாரிசு வழக்கு என்ற விளக்கம் கொடைக்கு வந்த எல்லோருக்கும் பொருந்தாது. நாஞ்சில் நாட்டிலும் அதற்கு மேற்கிலும் வில்லுப்பாட்டைக் கேட்டவர்களுள் பலர் மகனுக்கே உரிமை தரும் மக்கள்வழியைப் பின்பற்றிய சமூகத்தினர்; அவர்களுக்கு மருமகன் தொல்லை இல்லை. அவர்கள் கேட்டது அதிகாரம் நிராயுதபாணிகளை மாளிகைக்குள் வைத்துக் கொன்ற கதையாக இருந்திருக்கவேண்டும். வரியும் ஊழியமும் அடிமைமுறையும் அழுத்திய காலத்தில் அதற்கு வேறு விளக்கம் வேண்டியிருந்திருக்காது.

தமிழ் உறவுமுறையின் கண்கொண்டு பார்க்கும்போது கதையில் இன்னொரு முடிச்சும் தென்படுகிறது. மார்த்தாண்டவர்மா இராமவர்மாவின் மருமகன். ஆகவே உம்மிணித் தங்கை அவருக்கு மாமன் மகள், அதாவது முறைப்பெண். முறைப்பெண்ணைக் கேட்பது தமிழ்க் கேட்போருக்கு அத்துமீறலாகத் தோன்றியிருக்காது. மறுப்பதே பிழையாகத் தோன்றியிருக்கும். தமையன்மார் மறுக்கவில்லை என்பதும், நிபந்தனையோடு இணங்கினார்கள் என்பதும் இதனாலேயே கதைக்கு இன்றியமையாதவை. அந்நிபந்தனையை மறுபக்கத்திலிருந்து நோக்கினால், பிறக்கவிருக்கும் குழந்தை அரசனுக்கு மகன், தம்பிமாருக்கோ உடன்பிறந்தாளின் மகன், அதாவது மருமகன். மக்கள்வழிக்காக வாதாடுவதாகத் தோன்றும் அவர்களும் தங்கள் மருமகனுக்கே அரசு கேட்கும் தாய்மாமன்மாராகத்தான் நிற்கிறார்கள். மருமக்கள்வழியை எதிர்க்கும் குரலும் காரணவரின் குரலாகவே ஒலிக்கிறது. பாட்டுக் கட்டியவர் இதை எண்ணிச் செய்தாரா என்பதைவிட, அந்த முறைக்குள் வாழ்ந்தவர்களால் அதற்கு வெளியே நின்று ஒரு கோரிக்கையைக் கற்பனை செய்யமுடியவில்லை என்பதே கவனிக்கத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டில் வில்லுப்பாட்டு கோயிலைவிட்டு மேடைக்கும் வானொலிக்கும் சென்றது. நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் காந்தியடிகளின் கதையை வில்லில் பாடினார். அரசுத் திட்டங்களையும் குடும்பநலத்தையும் பரப்பப் பிற்காலத்தில் அதே வில் பயன்பட்டது. மேடைக்கு வந்த வில்லுப்பாட்டில் சொல்லவேண்டியது நேரே சொல்லப்பட்டது. விளக்கம் தேட எதுவும் மிஞ்சவில்லை. இறப்புக் கதைகள் கொடைகளிலேயே தங்கின. தெற்கே உம்மிணித் தங்கையின் பெயரில் தனியே ஒரு கதைப்பாடலும் வழங்கியது. தமையன்மாரின் வழக்கு அரசோடு. தங்கையின் வழக்கு யாரோடு என்பதை வாரிசுரிமை என்ற ஒற்றை விளக்கத்தால் சொல்லிவிட முடியாது. தன்னைக் கேட்ட அரசனும் தனக்கு விலைவைத்த தமையன்மாரும் பேசிய பேரத்தில் அவளிடம் எதுவும் கேட்கப்படவில்லை; அவளுடைய சாவைத் தம்பியரின் சாவோடு சேர்த்துப் பாடிய மரபே அவளுக்குத் தனிப்பாட்டையும் ஒதுக்கியிருப்பது, அண்ணன்மாரின் கதைக்குள் அவள் கதை அடங்கவில்லை என்று பாடகர்களுக்கே தெரிந்திருந்ததைக் காட்டுகிறது.